முயலகன்மேல் ஊன்றிய கால்

சென்ற ஆவணி மாதம் எங்கள் ஊர்க் கோயிலில் தேர்த்திருவிழா நடந்தது. தேர் தெற்கு வீதியில் திரும்பும் வேளையில், கூட்டத்தின் நடுவே நின்ற இளைஞன் ஒருவன் ஓலமிட்டு வீழ்ந்தான். அவன் உடம்பு மரக்கட்டை போல விறைத்தது. பின்னர் கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. கடைவாயில் நுரை தள்ளியது. கண்மூடித் திறப்பதற்குள் நூறு பேர் சூழ்ந்து கொண்டனர். "இரும்பு, இரும்பு! ஆரிட்டையாவது திறப்பு இருக்கோ?" என்று பல குரல்கள் எழுந்தன. ஒருவர் தம் வீட்டுத் திறப்புக் கோவையை அவன் கையிற் செருகினார். மற்றொருவர் பற்களுக்கிடையே கரண்டிக் காம்பொன்றைச் செலுத்த முயன்றார். சற்று நேரத்தில் வலிப்பு ஓய்ந்தது. "பார்த்தீரோ, இரும்பு பட்ட உடனே நின்று போச்சு" என்றார் என்னருகே நின்ற அன்பர்.

நான் மறுமொழி கூறவில்லை. கூறும் தகுதி அப்பொழுது எனக்கு இருக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியத் தொழில் புரிந்தவன் நான். இந்த நோய் என் வீட்டிலேயே வளர்ந்தது. ஆதலால் அதைப் பற்றிக் கைக்கெட்டிய நூல்களையெல்லாம் தேடிப் படித்தவன். அப்படிப்பட்ட என்னுடைய கையும் அந்தக் கணத்தில் மடியிலிருந்த திறப்பைத் தடவிக் கொண்டிருந்தது! பழக்கம் அறிவை விட ஆழத்தில் வேரூன்றியது என்பதை அன்று கண்டேன். அந்த வேரைச் சிறிதேனும் அசைக்க வேண்டும் என்னும் எண்ணமே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

வலி, வலிப்பு, காக்கை வலிப்பு எனப் பல பெயர்களால் நாம் குறிக்கும் இந்நோய் இன்று நேற்றுத் தோன்றியதன்று. சரக சங்கிதை இதனை அபஸ்மாரம் என்னும் பெயரால் விரித்துரைக்கின்றது. நினைவு அற்றுப்போதல் என்பதே அச்சொல்லின் கருத்து. நம் ஆலயங்களில் ஆடல்வல்லான் திருவடியின் கீழ் நெளிந்து கிடக்கும் குறளுருவை யாவரும் அறிவோம். தமிழில் அவன் முயலகன். வடமொழியில் அபஸ்மார புருடன். நோய்க்கும் அவனுக்கும் ஒரே பெயர். திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவனுடைய மகளைப் பீடித்திருந்த முயலகன் என்னும் நோயைத் திருஞானசம்பந்தர் பாடித் தீர்த்த வரலாற்றைப் பெரியபுராணம் கூறும். அவ்வரலாற்றைச் சிறு வயதில் கேட்டபோது நான் அற்புதத்தை மாத்திரமே கண்டேன். இப்பொழுது அத்தந்தையைக் காண்கிறேன். அவன் ஒரு குறுநில மன்னன். மகளை அந்தப்புரத்தில் ஒளித்து வைக்க அவனால் முடிந்திருக்கும். அவனோ, ஊரறிய, உலகறிய, அவளைக் கோயிலிற் கொண்டுவந்து கிடத்தினான். அதனாலன்றோ சம்பந்தரின் திருவிழிகள் அவள்மேற் பட்டன! மறைத்து வைத்த பிணியை மகான்களும் தீர்க்க இயலாது.

கிரேக்க தேசத்திலும் இந்நோயைத் தெய்வக் குற்றம் என்றே மக்கள் நம்பினர். 'புனித நோய்' என்று அதற்குப் பெயருமிட்டனர். கிறிஸ்துவுக்கு முன் 400ஆம் ஆண்டளவில், ஹிப்போகிராட்டிஸின் வழிவந்தோர் எழுதிய நூலொன்று அந்நம்பிக்கையை மறுத்தது. பிற நோய்களைவிட இதில் தெய்வீகம் எதுவும் மிகுதியாக இல்லை என்றும், இதன் இருப்பிடம் மூளையே என்றும் அது வாதித்தது. அவ்வுண்மை நிலைபெற இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிய வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஹியூலிங்ஸ் ஜக்சன் என்னும் ஆங்கிலேய வைத்தியர், மூளையின் சாம்பல் நிறப் பகுதியில் திடீரென நிகழும் அளவு மீறிய வெளிப்பாடே வலிப்பு என விளக்கினார். ஜேர்மனியரான ஹான்ஸ் பேர்கர், மனித மூளையில் எழும் மின்னலைகளைத் தாளில் வரையும் முறையைக் கண்டு, 1929இல் உலகுக்கு அறிவித்தார். கண்ணுக்குப் புலப்படாத பேயாக இருந்த ஒன்று அதன்பின் தாளில் ஓடும் கோடாக மாறிற்று.

மூளையில் கோடானுகோடி நரம்புக் கலங்கள் மெல்லிய மின் துடிப்புகளால் ஒன்றோடொன்று பேசிக் கொள்கின்றன. அப்பேச்சில் ஒரு முறைமை உண்டு; ஒரு கலம் பேச, இன்னொன்று அடங்கும். அம்முறைமை குலைந்து, பல கலங்கள் ஒரே சமயத்தில் கூக்குரலிடும்பொழுது வலிப்பு உண்டாகின்றது. அக்குழப்பம் மூளை முழுவதையும் பற்றினால் நினைவு தப்பி, உடம்பு முழுவதும் இழுக்கும். ஓரிடத்தில் மாத்திரம் நிகழ்ந்தால், அவ்விடம் எவ்வேலையைச் செய்கின்றதோ அவ்வேலை பிறழும். ஒருவருக்குக் கை மட்டும் துடிக்கும். இன்னொருவர் வாயைச் சப்புக் கொட்டிக் கொண்டு, உடுப்பைப் பிடித்து இழுத்தபடி, அழைத்தாலும் கேளாதவராய் ஓரிரு நிமிடம் உலாவுவார். இவ்விரண்டாம் வகையினரையே 'பேய் பிடித்தவர்' என்று வேப்பிலை கொண்டு அடிக்கின்றோம்.

மற்றொரு வகை சிறு பிள்ளைகளைப் பற்றுவது. அதில் வீழ்ச்சி இல்லை, இழுப்பும் இல்லை. பிள்ளை பேசிக் கொண்டிருக்கும்போதே சில விநாடிகள் வெறித்துப் பார்க்கும். பின்னர் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு நாளிற் பல முறை இவ்வாறு நிகழலாம். என் வகுப்பில் அப்படி ஒரு சிறுவன் இருந்தான். கணக்குச் சொல்லிக் கொண்டிருக்கும்போது அவன் கண்கள் சாளரத்தை நோக்கி நிலைத்து விடும். 'பகற்கனவு காண்கிறான்' என்று எண்ணி அவனை வாங்கின்மேல் ஏற்றி நிறுத்தினேன். ஒரு நாள் பிரம்பும் எடுத்தேன். மறு ஆண்டு வைத்தியர் ஒருவர் அவனுக்கிருந்த நோயைக் கண்டு மருந்து கொடுத்தார். அவன் கணக்கில் முதலாவதாக வந்தான். அந்தப் பிரம்படி இன்றும் என் மனத்தில் விழுந்துகொண்டிருக்கிறது. நோயுற்றவள் ஒருத்தியின் தமையனாகிய எனக்கே அது தெரிந்திருக்கவில்லை என்றால், ஏனைய ஆசிரியர்களைக் குறை கூற எனக்கு நாவேது?

நோய்க்குக் காரணங்கள் பல. பிரசவ வேளையிற் குழந்தைக்கு மூச்சுத் தடைப்படுதல், மூளைக் காய்ச்சல், தலையிற் பட்ட காயம், பாரிசவாதம், மூளையில் வளரும் கட்டி, பரம்பரைக் கூறு என்பன அவற்றுட் சில. ஏறத்தாழப் பாதிப் பேரில் காரணம் இன்னதென்று கண்டுபிடிக்க முடிவதில்லை. ஆயினும் இந்நோய் தொற்றுவதன்று என்பது திண்ணம்; நுரையைத் தொட்டாலும் தொற்றாது. ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைக்குக் காய்ச்சலோடு வரும் வலிப்பு வேறு. பெரும்பாலான குழந்தைகள் வளர வளர அதிலிருந்து நீங்கி விடுகின்றனர். மனத்தில் அடக்கி வைத்த துயரம் உடம்பின் வழியே வெளிப்பட்டு, வலிப்பைப் போலவே தோற்றுவதும் உண்டு. அது நடிப்பன்று. அதற்கு வேண்டியது குளிசையன்று, உளவள வைத்தியம். எது எது எனப் பிரித்தறிய வல்லவர் தேர்ந்த வைத்தியரே. வீழ்ந்தவர் தமக்கு நேர்ந்ததை அறியார். ஆதலால் கண்டவர் சொல்லும் சாட்சியமே வைத்தியருக்குப் பெருந்துணை. இக்காலத்தில் கையடக்கத் தொலைபேசியில் அக்காட்சியைப் பதிவு செய்து வைத்தியரிடம் காட்டலாம். வேடிக்கைக்காகப் பலருக்கும் அனுப்புவோர் அதை ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாதா?

இனி மருந்தைப் பற்றிச் சொல்வேன். 1857இல் விக்டோரியா மகாராணியாரின் பிரசவ வைத்தியரான சேர் சார்ள்ஸ் லொக்கொக், புரோமைட்டு உப்பு வலிப்பைத் தணிக்கும் என்று எடுத்துக் கூறினார். 1912இல் ஜேர்மனிய இளம் வைத்தியர் அல்பிரட் ஹவுப்ற்மன், உறக்கத்துக்குக் கொடுக்கும் பினோபார்பிற்றோன் வலிப்பையும் குறைப்பதைக் கண்டறிந்தார். 1938இல் அமெரிக்கரான மெரிற், புற்னம் ஆகிய இருவரும் பெனிற்றோயின் என்னும் மருந்தை அறிமுகம் செய்தனர். அதற்குப் பின்னர் கார்பமசெப்பின், வல்புரோவேற் முதலிய பல மருந்துகள் வந்துள்ளன. உலகில் ஏறக்குறைய 5 கோடி மக்கள் இந்நோயுடன் வாழ்கின்றனர் என்றும், தக்க சிகிச்சை பெற்றால் அவர்களுள் நூற்றுக்கு 70 பேர் வரையில் வலிப்பின்றி வாழ முடியும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்கான மருந்து இலவசமாகவே கிடைக்கின்றது.

ஆனால் இம்மருந்துகள் நோயை வேரோடு பிடுங்குபவை அல்ல, அடக்கி வைப்பவை. ஆடல்வல்லான் முயலகனைக் கொல்லவில்லை என்பதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. கொல்லாமல், அவன்மேற் காலை ஊன்றிக் கொண்டே ஆடுகின்றான். அன்றாடம் விழுங்கும் குளிசை அந்தக் காலைப் போன்றது. ஊன்றியிருக்கும் வரையில் வாழ்வு ஆடலாம், பாடலாம். திடீரென எடுத்தால், கீழே கிடப்பவன் முன்னிலும் மூர்க்கமாக எழுவான். சில ஆண்டுகள் வலிப்பின்றிக் கழிந்த பின்னர், வைத்தியரே அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்துவதும் உண்டு. அஃது அவர் செய்யவேண்டிய காரியம். தாமாகவே ஒரே நாளில் நிறுத்துதல் உயிருக்கே உலை வைக்கும்.

இதனை நான் நூலிற் படித்து மாத்திரம் சொல்லவில்லை.

என் தங்கைக்கு 1971இல், பதின்மூன்றாம் வயதில், முதன் முதலாக வலி வந்தது. பள்ளிக்கூடத்துக் காலை வணக்கத்தின்போது வீழ்ந்தாள். ஐயா அவளை அன்றே பள்ளியிலிருந்து நிறுத்தினார். பரியாரியாரின் எண்ணெய், மந்திரித்த நூல், மூன்று கோயில் நேர்த்தி என இரண்டு ஆண்டுகள் சென்றன. வலி மாதந்தோறும் வந்தது. அப்பொழுது ஆசிரியப் பயிற்சி பெற்றுக் கொண்டிருந்த நான், வீட்டாரோடு மல்லுக்கட்டி அவளை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றேன். அங்கிருந்த வைத்தியர் எங்களை அரைமணி நேரம் இருத்திப் பேசினார். குளிசை எழுதித் தந்தார். சில மாதங்களில் வலி ஓய்ந்தது. பின்னர் ஒரேயொரு முறை, 1978இல், வெளியூர்ப் பயணத்திற் குளிசையை மறந்தபோது மாத்திரம் வந்தது. "தொடர்ந்து போடவேண்டும்" என்று வைத்தியர் கண்டித்துச் சொன்னார்.

1982இல் அவளுக்கு ஒரு வரன் வந்தது. சாதகம் பொருந்திற்று. மாப்பிள்ளை அரசாங்க உத்தியோகத்தர். குடும்பமோ மதிப்பு வாய்ந்தது. பேச்சுக்கால் நடந்தபோது தரகர் வழமையான கேள்வியைக் கேட்டார்: "பிள்ளைக்கு வருத்தம் துன்பம் ஏதும் உண்டோ?" ஐயா என்னைப் பார்த்தார். அம்மா நிலத்தைப் பார்த்தார். "ஒரு குறையும் இல்லை" என்றேன் நான். படித்தவன், மந்திரத்தையும் நூலையும் எதிர்த்துப் போராடியவன், ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று அவளைக் காப்பாற்றியவன் என்ற பெருமையெல்லாம் பூண்டிருந்த நான் சொன்ன பொய் அது. அத்தோடும் நிற்கவில்லை. அவள் புக்ககம் போகும் நாளன்று, குளிசைப் போத்தலின்மேல் ஒட்டியிருந்த பெயர்த் தாளை வெந்நீரில் நனைத்து உரித்தெடுத்து, "ஆரும் கேட்டால் இரத்தக் குறைவுக்கு எண்டு சொல்லு" என்று அவளுக்குக் கற்பித்தும் அனுப்பினேன்.

கூட்டுக் குடும்பம்; ஆள் நடமாட்டம் மிகுந்த வீடு. ஒளித்து விழுங்குவது நாளுக்கு நாள் அரிதாயிற்று. "என்ன குளிசை பிள்ளை?" என்று ஒரு நாள் யாரோ கேட்டு விட்டார்கள். அன்று பயந்தவள் குளிசையையே நிறுத்தி விட்டாள். இரண்டு கிழமை செல்லவில்லை. குசினியில் தனியே சமைத்துக் கொண்டிருந்தபோது வலி வந்து, அடுப்பின்மேல் வீழ்ந்தாள். சத்தங் கேட்டு ஓடிவந்த மாமியார் வெறுங்கையால் நெருப்பை அணைத்து அவளை இழுத்தெடுத்தார். தங்கையின் இடக்கை முழங்கைவரை வெந்து போயிற்று. மாமியாரின் உள்ளங்கைகளிலும் கொப்புளங்கள் எழுந்தன. அந்தக் கைகளோடு அவர் ஆஸ்பத்திரியில் மருமகளின் கட்டிலருகே பன்னிரண்டு நாள் இருந்தார்.

பதின்மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். கையில் இன்னும் துணி சுற்றியிருந்தது. "தம்பி, வருத்தம் ஆருக்கும் வரும். முதலே சொல்லியிருந்தால், நான் அவளைக் குசினிக்குள்ளே தனிய விட்டிருப்பனோ?" என்று கேட்டார். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அக்கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடையில்லை. அந்த மணம் முறிந்தது. நோயால் முறிந்தது என்று ஊரார் பேசிக் கொண்டனர். இல்லை, அது என் பொய்யால் முறிந்தது. 'ஒன்றை ஒளித்தவர்கள் இன்னும் எதை ஒளித்திருக்கிறார்களோ' என்ற ஐயம் மாப்பிள்ளையின் நெஞ்சில் விழுந்த பிறகு, அதைப் பிடுங்க எவராலும் இயலவில்லை. அவரை நான் நோவதற்கு நியாயமில்லை.

இப்பொழுது எதிர்வாதம் ஒன்று எழும் என்பதை அறிவேன். "உண்மையைச் சொன்னால் எவன் கட்டுவான்? உமக்கென்ன, எழுதிவிட்டுப் போய்விடுவீர். பெண்ணைப் பெற்றவர்களன்றோ தவிக்க வேண்டும்?" என்பர். இவ்வாதம் வெறும் கோழைத்தனமன்று. அதில் உண்மை இருக்கின்றது. சொன்னால் பத்து வரனில் எட்டு விலகிப் போகலாம். அயல்நாடாகிய இந்தியாவில் இந்து விவாகச் சட்டமே மீண்டும் மீண்டும் வரும் வலிப்பை மணத்துக்குத் தடையாகக் கொண்டிருந்தது; 1976இல் சேர்க்கப்பட்ட அவ்வாசகம் 1999இல்தான் நீக்கப்பட்டது. சட்டமே அஞ்சிய நோயைச் சாமானியர் அஞ்சுவதில் வியப்பென்ன?

ஆயினும் இரண்டு கேள்விகளை அவர்கள்முன் வைக்கிறேன். முதலாவது: உண்மையைக் கேட்டு விலகும் எட்டுப் பேர், மணத்தின் பின் அறிந்தால் விலகாமல் இருப்பரோ? மணத்தின் முன் விலகினால் நட்டம் ஒரு வரன். பின் விலகினால் நட்டம் ஒரு வாழ்வு. இரண்டாவது: ஒளித்து வைத்த நோய்க்கு மருந்தும் ஒளித்தே எடுக்க வேண்டும், ஒளித்து எடுக்கும் மருந்து ஒரு நாள் தவறியே தீரும். ஆக, மணத்துக்காக மறைக்கும் தந்தை, மகளின் மருந்தை நிறுத்தும் ஏற்பாட்டையே செய்து அனுப்புகிறார். நான் செய்ததும் அதுவே. கருத்தரிக்கக் கூடிய பெண்ணுக்கு மருந்துத் தெரிவிலும் கவனம் வேண்டும். வல்புரோவேற் கருவிலுள்ள சிசுவுக்குத் தீங்கு செய்யக் கூடியது. வைத்தியரோடு முன்னதாகவே கலந்து மருந்தைத் தெரிந்து கொண்டால், பெரும்பாலான தாய்மார் நலமுள்ள பிள்ளைகளைப் பெறுகின்றனர். கணவனுக்கே தெரியாத நோயைப் பற்றி அந்தப் பெண் எவரோடு கலந்து பேசுவாள்?

இன்னுமொன்று. மறைப்பவர்களை மாத்திரம் குற்றஞ்சாட்டுதல் நீதியாகாது. மறைக்கும்படி செய்வோர் நாமே. எங்கோ ஒருவருக்கு வலி என்று கேட்டால், அவர் குடும்பத்துப் பெண்கள் அனைவரையும் ஒதுக்கி வைப்பவர்கள் யார்? நோயாளியின் உறவினர் பெரும்பாலானோருக்கு இந்நோய் ஒருபோதும் வருவதில்லை. அதை அறியாமல், மூன்று தலைமுறை வரை தோண்டித் துருவும் நம் கேள்விகளே பொய்களைப் பிரசவிக்கின்றன. மேலும், ஆண்பிள்ளைக்கு வலி இருந்தால் அதைக் கேட்பாருமில்லை, சொல்வாருமில்லை. கேள்வியெல்லாம் பெண்ணுக்கே! இந்த ஓரவஞ்சகம் ஒழியவேண்டும்.

மன நோய்களின் கதையும் இதுவே. வலிப்பு பைத்தியமன்று. ஆனால் வலிப்புள்ளோரை மனச்சோர்வும் பதகளிப்பும் எளிதிற் பற்றுகின்றன. பல ஆண்டுகள் ஒளிந்து வாழ்பவருக்கு அவை வராவிட்டாலே வியப்பு. மனச்சோர்வும் சிகிச்சைக்கு வசப்படும் நோயே. ஆனால் 'அங்கொடை' என்னும் ஊர்ப் பெயரையே வசைச் சொல்லாக்கிய சமுதாயம் நம்முடையது. இன்று அங்குள்ளது தேசிய மனநல நிறுவகம்; 1926 என்னும் இலக்கத்தில் இரவு பகலாக எவரும் அதனோடு பேசலாம். ஊர்ப் பெயரை ஏளனத்துக்கு நினைவில் வைத்திருக்கும் நாம், இலக்கத்தை உதவிக்கு நினைவில் வைத்திருக்கலாகாதா?

மீண்டும் தேர் வீதிக்கு வருவோம். இரும்பு பட்டவுடன் வலிப்பு நிற்பதாகத் தோன்றுவது ஏன்? பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தாமாகவே ஓய்ந்து விடும். திறப்பைத் தேடி எடுத்துக் கையிற் கொடுக்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். அவ்வளவே அதன் மகிமை. திறப்பாவது தீங்கு செய்வதில்லை. வாய்க்குள் திணிக்கும் கரண்டியோ பல்லை உடைக்கும், மூச்சையும் அடைக்கும். செய்ய வேண்டுவன மிகச் சில. சுற்றியுள்ள கல்லையும் கதிரையையும் அகற்றுக. தலையின் கீழ் மடித்த சால்வையை வைக்க. கழுத்து உடுப்பைத் தளர்த்துக. கைகால்களை அமுக்கிப் பிடியாதிருக்க. இழுப்பு ஓய்ந்ததும் உடம்பை ஒருபுறமாகச் சரித்துக் கிடத்துக. முழு நினைவு வரும் வரையில் தண்ணீர், மருந்து எதையும் வாயில் ஊற்றற்க. மணிக்கூட்டைப் பார்க்க. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், நினைவு வருமுன் மீண்டும் வந்தாலும், நீரில் வீழ்ந்தவராயினும், 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் காவு வண்டியை வரவழைக்க. நினைவு திரும்பும்போது அருகிலிருந்து அன்பாக ஒரு வார்த்தை சொல்லுக. கண் திறப்பவர் முதலிற் காண்பது நூறு முகங்களின் அருவருப்பாக இருக்க வேண்டியதில்லை.

இவை எவ்வளவு எளியவை! ஒவ்வொரு பாடசாலையிலும் ஓர் ஆசிரியராவது இவற்றைக் கற்றிருக்க வேண்டும். வெறித்துப் பார்க்கும் பிள்ளையை வாங்கில் ஏற்றுமுன் வைத்தியரிடம் அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும். நோயுள்ள பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது அதற்குச் செய்யும் இரண்டாவது கேடு. ஆலயத்துக் குருமார் நேர்த்தியை மறுக்க வேண்டியதில்லை. "நூலையும் கட்டு, குளிசையையும் விடாதே" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னாற் போதும். அரசாங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு நிலவிற்று. எத்தனையோ மருந்துகள் ஒரு கிழமை பிந்தலாம், இது பிந்தலாகாது. காலை எடுத்தால் முயலகன் எழுவான் என்பதை மருந்துக் கொள்வனவு செய்வோர் மனத்தில் இருத்த வேண்டும்.

என் தங்கையின் மிகுதிக் கதையையும் சொல்லி விடுகிறேன். அவள் திரும்பி வந்த பின் தையல் பழகினாள். அயற் பிள்ளைகளுக்குக் கற்பித்தாள். குளிசையை ஒரு நாளும் விடவில்லை. 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, ஒரு மாற்றுச் சேலையும் குளிசைப் போத்தலும் மாத்திரம் எடுத்துக் கொண்டு தென்மராட்சிக்கு நடந்தாள். போத்தலின்மேல் மருந்தின் பெயரும் தன் பெயரும் எழுதிய தாள் ஒட்டியிருந்தது. பள்ளிக்கூட மண்டபமொன்றில் முன்பின் அறியாத குடும்பங்களோடு தங்கிய முதல் இரவே, "எனக்கு வலி வாறது. வந்தால் சரிச்சுக் கிடத்துங்கோ, வாய்க்குள்ள ஒண்டும் வையாதேங்கோ" என்று எல்லோருக்கும் சொல்லி வைத்தாள். நான் வெட்கத்தால் தலைகுனிந்தேன். அம்மண்டபத்தில் எவரும் பாயை விலக்கிப் போடவில்லை. அறிமுகமில்லாத ஒரு கிழவி தன் பாயைக் கொண்டுவந்து அவளருகே விரித்தாள். நாங்கள் அங்கிருந்த நாளெல்லாம் அங்கேயே உறங்கினாள். மறைத்தபோது ஒரு வீடே அவளுக்குக் கிடைக்காமற் போயிற்று. சொன்னபோது ஒரு மண்டபமே வீடாயிற்று.

இக்கட்டுரையை எழுத அவளிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்கோ, அண்ணை. என்ர பேரைப் போட்டாலும் காரியமில்லை. ஆனால் அவையின்ர பேரைப் போட்டிடாதேங்கோ. அந்த மனிசி நல்ல மனிசி" என்றாள்.

எவர் பெயரையும் நான் போடவில்லை. ஆயினும் தங்கையின் பெயரை விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதையும் ஒளிப்பதற்கில்லை. என் மகளின் மகளுக்கு இப்பொழுது வரன் பேசிக் கொண்டிருக்கிறோம். பெயரை எழுத எடுத்த பேனா அந்நினைவில் தயங்கிற்று. நாற்பது ஆண்டுகள் கழிந்தும் முயலகன் என்னுள்ளேதான் கிடக்கிறான்! வருகிற வெள்ளிக்கிழமை அவ்வீட்டார் வருகின்றனர். வழமையான கேள்வியை எவரேனும் கேட்பர். என் மருமகன் என்னைப் பார்ப்பார். இம்முறை என் தங்கையும் அந்தக் கூடத்தில் இருப்பாள். 'ஒரு குறையும் இல்லை' என்னும் அந்தச் சொற்களை நான் மீண்டும் சொல்லப் போவதில்லை.